அலெக்ஸா டூல்பார் எந்த ப்ரவுசர்ல ஓடும்னு கேட்டிருந்தீங்க

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா ரெண்டே வரி. அலெக்ஸா டூல்பாரை (பேசற அலெக்ஸா இல்ல, ஒரு சைட்டுக்கு எவ்வளவு ஆள் வருதுன்னு ரேங்க் போட்டு ப்ரவுசர்ல காட்டின பட்டை) ஃபயர்ஃபாக்ஸ்ல போட்டா ஆட்-ஆன், அதாவது ப்ரவுசர்ல சேத்துக்கற சின்ன சாஃப்ட்வேர், கரப்ட் ஆகியிருக்குன்னு எரர் வருது, எட்ஜ்ல இன்ஸ்டால் ஆன மாதிரி காட்டிட்டு பட்டையே தெரியல, எந்த ப்ரவுசரோட எந்த பழைய வெர்ஷன்ல இது ஓடும்? ஆனா அதுக்குக் கீழ எழுதியிருக்கறதைப் படிச்சா விஷயம் வேற. ஒருத்தர் தன்னோட சமையல் குறிப்பு சைட்டை விக்கிறார், அலெக்ஸா ரேங்க் 68 ஆயிரம், கூகுள் பேஜ்ரேங்க் (லிங்க்கை வச்சு கூகுள் சைட்டுக்குப் போட்ட மார்க்) 4னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கார், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அதை உங்க கண்ணாலயே ஒருதடவை பாத்துடணும்னு நெனைக்கிறீங்க. அப்போ நீங்க நிஜமா கேக்கறது இந்த சைட்டுக்கு ஆள் வருதா இல்லையான்னு. ரெண்டுக்குமே பதில் சொல்றேன், ஆனா முதல் கேள்விக்கான பதில்ல இருந்துதான் ரெண்டாவது புரியும், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. ஐஇ 6 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) காலத்துல இருந்து சைட் பண்ணிக் குடுக்கறதும் ஹோஸ்டிங் சப்போர்ட்டும்தான் என் பொழப்பு, இந்த டூல்பாருங்களோட நெறைய மல்லுக்கட்டியிருக்கேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயத்தைச் சொல்லிடறேன். எந்த ப்ரவுசர்லயும் ஓடாது. ஓட வச்சாலும் நம்பர் வராது. அலெக்ஸா இன்டர்நெட்டுங்கற அமேசானோட சர்வீஸ் 2022 மே 1ஆம் தேதியோட மூடியாச்சு, அதுக்கு முந்தின டிசம்பர்லயே அறிவிச்சுட்டாங்க, மத்த சாஃப்ட்வேருங்க ரேங்க்கை எடுத்துக்கற ஏபிஐங்கற வழியும் அந்த வருஷக் கடைசியில போயிடுச்சு. கூகுள் பக்கம் அதுக்கும் முன்னாடியே கதை முடிஞ்சது. டூல்பார்ல தெரியற பச்சைப் பட்டை பேஜ்ரேங்க் கடைசியா அப்டேட் ஆனது 2013 டிசம்பர்ல, அந்தப் பட்டையையே 2016ல எடுத்துட்டாங்க, கூகுள் டூல்பார்ங்கற சாமானே 2021 டிசம்பர்ல காணாமப் போச்சு. அதனால உங்களுக்கு வந்த ஸ்க்ரீன்ஷாட்ல பேஜ்ரேங்க் 4னு இருக்குன்னா, அந்த 4 உண்மையாவே இருந்தாலும் அது பத்து வருஷத்துக்கும் மேல பழைய 4. அலெக்ஸா நம்பரும் 2022க்கு முந்தினது. இன்னைக்கும் "அலெக்ஸா ரேங்க் செக்கர்"னு சில சைட்டுங்க இருக்கும், அதுங்க ஒண்ணு எப்பவோ சேத்து வச்ச பழைய லிஸ்ட்டைக் காட்டும், இல்ல வேற ஏதோ கணக்கை அந்தப் பேர்ல காட்டும். ரெண்டுமே உங்களுக்கு உதவாது.

ஃபயர்ஃபாக்ஸ்ல ஏன் கரப்ட்னு வருதுன்னு பாப்போம், ஏன்னா ஃபைல் நிஜமா கெட்டுப்போகல. நீங்க டவுன்லோட் பண்ணின அந்த எக்ஸ்பிஐ ஃபைல் உள்ளுக்குள்ள சாதாரண ஜிப் ஃபைல்தான், பேரை மாத்தித் தொறந்து பாருங்க, இன்ஸ்டால்.ஆர்டிஎஃப்னு ஒண்ணு கிடைக்கும். அதுல மின்வெர்ஷன், மேக்ஸ்வெர்ஷன்னு ரெண்டு வரி இருக்கும், அதாவது இந்த ஆட்-ஆன் ஃபயர்ஃபாக்ஸோட எந்த வெர்ஷன்ல இருந்து எது வரைக்கும் ஓடும்னு எழுதினவரே சத்தியம் பண்ணின மாதிரி. அந்தக் காலத்துல வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் வந்துட்டிருந்ததால இது சமாளிக்கற விஷயமாத்தான் இருந்துச்சு. 2011 ஜூன்ல ஃபயர்ஃபாக்ஸ் 5 வந்ததுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன்னு ஆக்கிட்டாங்க பாருங்க, அப்ப புடிச்ச சனி. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பாதி ஆட்-ஆன் "கம்பாட்டிபிள் இல்ல"ன்னு சாம்பல் கலர்ல போயிடும். நாங்க என்ன பண்ணுவோம்னா அந்த ஜிப்பைத் தொறந்து மேக்ஸ்வெர்ஷன்ல 99னு போட்டு மறுபடி மூடி இன்ஸ்டால் பண்ணுவோம், இல்லன்னா அபவுட் கான்ஃபிக்ல போயி செக்கம்பாட்டிபிலிட்டிங்கற செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்குவோம். கூகுளே இந்த ஓட்டத்துல இருந்து விலகிக்கிச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 5ல இருந்து கூகுள் டூல்பார் கிடையாதுன்னு 2011லயே கையை விரிச்சுட்டாங்க. அப்புறம் 2012 ஜனவரியில ஃபயர்ஃபாக்ஸ் 10 வந்தப்பதான் பெரும்பாலான ஆட்-ஆனை ஓடும்னே எடுத்துக்கலாம்னு மொசில்லா இறங்கி வந்துச்சு.

ஆனா வெர்ஷன் நம்பரை ஏமாத்தினா மட்டும் போதாது. அலெக்ஸா 2007ல ஃபயர்ஃபாக்ஸுக்குன்னு ஸ்பார்க்கின்னு ஒரு ஆட்-ஆன் விட்டாங்க. அது மேல பெரிய பட்டையா வராம கீழ ஸ்டேட்டஸ் பார்ல ஓரமா சின்ன கிராஃபும் ரேங்க்கும் காட்டும், இடத்தை அடைக்காது, எனக்கு அது ரொம்பப் புடிச்ச டிசைன். ஃபயர்ஃபாக்ஸ் 4ல ஸ்டேட்டஸ் பாரையே எடுத்துட்டு ஆட்-ஆன் பார்னு ஒண்ணு வச்சாங்க, 2014 ஏப்ரல்ல வெர்ஷன் 29 வந்தப்ப அதையும் எடுத்துட்டாங்க. அதாவது ஆட்-ஆன் நல்லாத்தான் இருக்கு, அது உக்கார்ற திண்ணையை இடிச்சுட்டாங்க. இந்த மாதிரி பழைய ஆட்-ஆனை நீங்க என்னதான் இன்ஸ்டால் பண்ணினாலும் லிஸ்ட்ல பேர் இருக்கும், ஸ்க்ரீன்ல ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறம் 2016ல வெர்ஷன் 48 வந்தப்ப மொசில்லா கையெழுத்து போடாத ஆட்-ஆன் சாதாரண ஃபயர்ஃபாக்ஸ்ல ஏறவே ஏறாதுன்னு ஆச்சு. கடைசியா 2017 நவம்பர் 14ல வந்த வெர்ஷன் 57, குவாண்டம்னு சொல்வாங்களே, அது பழைய எக்ஸ்யூஎல் டெக்னாலஜியில எழுதின ஆட்-ஆன் எல்லாத்தையும் ஒரே நாள்ல செல்லாக்காசு ஆக்கிடுச்சு. இன்னைய ஃபயர்ஃபாக்ஸ் அந்த ஃபைலுக்குள்ள பழைய இன்ஸ்டால்.ஆர்டிஎஃப்க்குப் பதிலா மேனிஃபெஸ்ட்ங்கற ஃபைலைத் தேடுது, இல்லைன்னதும் கரப்ட்னு சொல்லிடுது. அவ்வளவுதான் உங்க எரரோட ரகசியம்.

பழைய ஃபயர்ஃபாக்ஸ் 3.6ஐ எங்கயாவது தேடிப் புடிச்சுப் போட்டா என்னன்னு கேட்டிருந்தீங்க. போடலாம், பட்டை வந்து உக்காரவும் செய்யும், ஆனா ரேங்க் என்னன்னு கேட்டா பதில் சொல்ற அலெக்ஸா சர்வர் இப்ப இல்லாததால ரேங்க் இடம் காலியாத்தான் இருக்கும். அதுபோக அந்த ப்ரவுசருக்கு டிஎல்எஸ் 1.2 (எச்டிடிபிஎஸ் சைட்டோட பாதுகாப்பா பேசற முறை) தெரியாது, அது ஃபயர்ஃபாக்ஸ்ல டிஃபால்ட்டா வந்ததே 2014ல வெர்ஷன் 27லதான், அதனால இன்னைக்கு இருக்கற முக்கால்வாசி சைட்டைத் தொறக்கவே தொறக்காது. நீங்க வாங்கப் போற சைட்டே தொறக்காம போகலாம். பத்து பதினஞ்சு வருஷமா செக்யூரிட்டி அப்டேட் இல்லாத ப்ரவுசரை பேங்க் வேலை பாக்கற அதே மிஷின்ல வச்சுக்கறது வேண்டவே வேண்டாம்.

எட்ஜ் கதை வேற. நீங்க ஓட்டினது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான எக்ஸ்இ ஃபைல். அது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில தன் பேரை எழுதிக்கிட்டு, ஐஇ தொறக்கறப்ப கூடவே லோட் ஆகற டிஎல்எல்ங்கற துணை ஃபைல். ஐஇயே 2022 ஜூன் 15ல ரிட்டையர் ஆகிடுச்சு. எட்ஜ்ல ஐஇ மோட்னு ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க, அது பழைய ஆபீஸ் சைட்டுங்களை ஓட்டறதுக்கு வச்சது, ஆக்டிவ்எக்ஸ் எல்லாம் ஓடும், ஆனா டூல்பார் சப்போர்ட் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வச்சிருக்காங்க. குரோம் இந்த விஷயத்துல ஆரம்பத்துல இருந்தே கறார், எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு சின்ன ஐகான் குடுப்பான், அட்ரஸ் பாருக்குக் கீழ பட்டை போட இடமே குடுக்க மாட்டான். இப்ப எட்ஜும் உள்ளுக்குள்ள குரோமோட அதே குரோமியம் எஞ்சின்தான்.

ஐஇ ராஜ்ஜியம் நடந்த காலத்துலயும் இந்த டூல்பாருங்க ஒழுங்கா ஓடிச்சுன்னு நெனைக்காதீங்க. விண்டோஸ் 64 பிட் வந்தப்ப ஸ்டார்ட் மெனுவுல ரெண்டு ஐஇ இருக்கும், ஒண்ணு சாதாரணமா, இன்னொண்ணு பக்கத்துல 64-பிட்னு போட்டிருக்கும். கஸ்டமர் பெருசா இருக்கறதுதான் நல்லதுன்னு நெனைச்சு 64-பிட்டைத் தொறப்பார், டூல்பார் எல்லாம் 32 பிட்ல எழுதினது, அது உள்ள நுழையவே முடியாது, வியூ மெனுவுல டூல்பார்ஸ் லிஸ்ட்லயே பேர் இருக்காது. மறுபடி இன்ஸ்டால் பண்ணுவார், மறுபடி வராது, எனக்கு போன் அடிப்பார். விஸ்டாவுல ப்ரொடெக்டட் மோட் வந்தப்ப வேற மாதிரி தொல்லை, டூல்பார் தெரியும் ஆனா தன்னோட செட்டிங்கை சேவ் பண்ண முடியாது, ஏன்னா ப்ரவுசருக்கே அந்த ஃபோல்டர்ல எழுதற உரிமை இல்ல, ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் புதுசா வந்தவன் மாதிரி கண்டிஷன் எல்லாத்தையும் அக்செப்ட் பண்ணச் சொல்லும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு டேப்ல தேர்டு பார்ட்டி ப்ரவுசர் எக்ஸ்டென்ஷனை எனேபிள் பண்ணுன்னு ஒரு டிக் இருக்கும், யாராவது ஸ்பீடு வரும்னு அதை எடுத்து விட்டுட்டா எல்லா பட்டையும் ஒரே அடியா மாயம். ஐஇ 7ல டேப் வந்ததுல இருந்து ஒவ்வொரு டேபுக்கும் டூல்பார் தனித்தனியா லோட் ஆகும், யாஹூ, கூகுள், அலெக்ஸான்னு மூணு பட்டை போட்டு பத்து டேப் தொறந்தா ஒரு ஜிபி ராம் மிஷின் என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. ஐஇ 9 வந்தப்ப எல்லா ஆட்-ஆனும் சேந்து 0.2 செகண்டுக்கு மேல இழுத்தா கீழ ஒரு நோட்டீஸ் வந்து டிசேபிள் பண்றியான்னு கேக்கும். நெறைய பேர் அப்பதான் நம்ம மிஷின்ல இத்தனை டூல்பார் இருக்கான்னே பாத்தாங்க. ஐஇ 10ஓட மெட்ரோங்கற (விண்டோஸ் 8ல டச்சுக்குன்னு வச்ச) பக்கத்துல ஆட்-ஆனுக்கே இடமில்ல.

இதெல்லாம் பழங்கதைன்னு தள்ளிடாதீங்க, உங்க ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இதுல நேரடி சம்பந்தம் இருக்கு. அலெக்ஸா ரேங்க் எப்படி வந்துச்சு? எந்த சைட்டோட சர்வர் கணக்கையும் அவங்க பாக்கல. டூல்பார் போட்டவங்க எந்தெந்த பக்கத்துக்குப் போறாங்கன்னு டூல்பாரே அனுப்பிச்சுது, அதுல எத்தனை பேர், எத்தனை பக்கம்னு மூணு மாச சராசரி எடுத்து வரிசை போட்டாங்க. அப்போ டூல்பார் எந்த மிஷின்ல ஓடலையோ அந்த மிஷின்காரர் அலெக்ஸா கணக்குல பொறக்கவே இல்ல. இது என் ஊகம் இல்ல, ஸ்பார்க்கி வர்றதுக்கு முந்தின காலத்துல அவங்களே ஹெல்ப் பேஜ்ல ஒப்புக்கிட்டு எழுதியிருந்தாங்க: டூல்பார் ஐஇல மட்டும்தான் ஓடும், விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், மொசில்லா, ஓப்பரா யூசருங்க கணக்குல வரமாட்டாங்க, எச்டிடிபிஎஸ் பக்கத்துல டூல்பார் தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கும், ஒரு லட்சத்துக்கு மேல போற ரேங்க்கை நம்பாதீங்கன்னு. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு மொய் நோட்டைப் பாத்து சொல்ற கணக்குதான் இது. மேக் வச்சிருக்கற டிசைனருங்க, லினக்ஸ் ஆளுங்க, ஆபீஸ்ல எதுவும் இன்ஸ்டால் பண்ண விடாத கம்பெனி ஸ்டாஃப், இவங்க போற சைட்டெல்லாம் ரேங்க்ல கீழ கிடக்கும். டூல்பார் யாரு போட்டாங்க? சைட் நடத்தறவங்க, எஸ்இஓ (கூகுள் தேடல்ல சைட்டை மேல கொண்டுவர்ற வேலை) பண்றவங்க, விளம்பரம் விக்கறவங்க. அவங்க ஒருத்தர் சைட்டை ஒருத்தர் பாத்துக்கிட்டதுதான் பெரிய ட்ராஃபிக்கா தெரிஞ்சுது.

இதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. கூகுள்ல ஆராய்ச்சிப் பிரிவுல இருந்த பீட்டர் நார்விக், தன்னோட சைட்டையும் அதே கூகுள்ல எஸ்இஓ ஆளுங்களுக்கெல்லாம் குரு மாதிரி இருந்த மேட் கட்ஸோட சைட்டையும் ஒப்பிட்டுப் பாத்தார். அலெக்ஸா சொன்னது மேட் கட்ஸுக்கு 25 மடங்கு அதிகம்னு. ரெண்டு பேரும் தங்களோட நிஜக் கணக்கை எடுத்து வச்சுப் பாத்தா நார்விக்குக்குத்தான் ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகம். ஆக 50 மடங்கு பிசகு. காரணம் சிம்பிள், மேட் கட்ஸ் சைட்டுக்கு வர்றவங்க எல்லாம் வெப்மாஸ்டருங்க, அவங்க மிஷின்ல எல்லாம் டூல்பார் இருக்கு. இதைப் படிச்சதுக்கு அப்புறம் நான் எந்த கஸ்டமர்கிட்டயும் அலெக்ஸாவை வச்சுப் பேசினதில்ல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். 2008 ஏப்ரல்ல அவங்க கணக்கு போடற முறையை மாத்தினாங்க, டூல்பார் மட்டும் இல்லாம வேற இடத்துல இருந்தும் டேட்டா எடுத்தாங்க, பின்னாடி வருஷங்கள்ல பல விதமான எக்ஸ்டென்ஷனுங்க வழியாவும், காசு கட்டினவங்க சைட்ல ஸ்க்ரிப்ட் போட்டும் எண்ணினாங்க. அதனால முதல் சில ஆயிரம் சைட்டுங்களோட வரிசை ஓரளவு சரியா இருந்திருக்கும்னுதான் நான் நெனைக்கிறேன். ஆனா கீழ போகப் போக ரொம்ப மோசம். பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆராய்ச்சியாளருங்க 2019ல வெளியிட்ட கட்டுரையில, அலெக்ஸாவோட பத்து லட்சம் சைட் லிஸ்ட்ல ஒரு டொமைனோட இடத்தை மாத்த ஒரே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பினாலே போதும்னு செஞ்சே காட்டினாங்க. ஒரே ஒரு ரிக்வெஸ்ட்! 68 ஆயிரத்துக்கு வர்றது அவ்வளவு ஈஸி இல்ல, இன்னும் நெறைய தேவைப்படும், ஆனா ஒரு ஆபீஸ்ல இருக்கற ஆளுங்க எல்லாரும் டூல்பார் போட்டு டெய்லி சைட்டை சுத்தி வந்தா முடியாத காரியம் இல்ல. அப்படி ஆள் வச்சு செஞ்ச இடங்களை நான் பாத்திருக்கேன். அலெக்ஸாவோட ரீடைரக்ட் லிங்க் வழியா சைட்டைத் தொறந்தா ரேங்க் ஏறும்னு ஒரு நம்பிக்கை வேற பரவிக் கிடந்துச்சு, ஏறினதா இல்லையான்னு யாரும் நிரூபிக்கல, ஆனா எல்லாரும் செஞ்சாங்க.

நம்ம தமிழ் ப்ளாக் பக்கமும் இந்தக் காய்ச்சல் அடிச்சுது. சைட்பார்ல அலெக்ஸா விட்ஜெட் வச்சு ஒரு லட்சத்துக்குள்ள வந்துட்டேன்னு பதிவு போட்டவங்களை 2010 சுமாருக்கு தமிழ் ப்ளாக் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2012 தொடக்கத்துல கூகுள் என்ன பண்ணிச்சுன்னா, இந்தியாவுல இருந்து ப்ளாக்ஸ்பாட் தொறந்தா டாட் காமுக்குப் பதிலா டாட் இன்னுக்குத் தள்ளிவிட ஆரம்பிச்சுது. அட்ரஸ் மாறினதும் அதுவரைக்கும் சேத்த ரேங்க் எல்லாம் ஒரு பேர்ல, வர்ற ஆளுங்க எல்லாம் இன்னொரு பேர்லன்னு ஆகிப்போச்சு, தமிழ் ப்ளாக்குங்களைத் திரட்டின தமிழ்மணம் சைட்டோட ஓட்டுப்பட்டையும் அதுல சேந்து குழம்பிச்சு. டாட் காமுக்கே திருப்பி விட ஒரு ஸ்க்ரிப்ட்டை ஆளாளுக்கு காப்பி பண்ணி டெம்ப்ளேட்ல போட்டாங்க. அந்த வாரம் அதே ஆளுங்கதான் அதே பதிவைப் படிச்சாங்க, ரேங்க் மட்டும் எங்கயோ போயிடுச்சு.

பேஜ்ரேங்க் 4 பத்தி ஒரு வார்த்தை. அது ட்ராஃபிக் அளவே கிடையாது, எந்தெந்த சைட் உங்களுக்கு லிங்க் குடுத்திருக்குன்னு பாத்து போட்ட மார்க், 0ல இருந்து 10 வரைக்கும். இதை விக்கிறவங்க ட்ராஃபிக் மாதிரியே பேசுவாங்க, கவனமா இருங்க. அதுலயும் ஒரு பெரிய தில்லாலங்கடி நடந்துச்சு: டொமைனை சும்மா ஒரு பெரிய சைட்டுக்கு ரீடைரக்ட் பண்ணி விட்டுட்டு அடுத்த அப்டேட் வரைக்கும் காத்திருந்தா அந்த பெரிய சைட்டோட மார்க் இவங்களுக்கும் காட்டும், காட்டின கையோட ரீடைரக்டை எடுத்துட்டு டொமைனை நல்ல விலைக்கு வித்துடுவாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், நீங்க அந்த எக்ஸ்இயை எங்க இருந்து எடுத்தீங்க? அலெக்ஸா சைட்டே இல்லாதப்ப வேற யாரோ டவுன்லோட் சைட்ல இருந்துதான் எடுத்திருக்கணும். அந்த மாதிரி இடங்கள்ல பழைய சாஃப்ட்வேரோட வேற எதையாவது ஒட்டி விடறது சகஜம். உங்க மிஷின்ல அப்படி ஏதாவது ஏறியிருக்கான்னு இங்க இருந்து என்னால சொல்ல முடியாது, ஆனா செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்டை தேதி வாரியா அடுக்கி, அன்னைக்கு வந்தது எல்லாத்தையும் எடுத்துடுங்க, ப்ரவுசர்ல ஹோம் பேஜும் சர்ச் எஞ்சினும் மாறியிருக்கான்னு பாருங்க, ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்க. ஒரிஜினல் டூல்பாரே அந்தக் காலத்துல சாதுன்னு சொல்ல முடியாது. ஆளுங்க போற அட்ரஸை எல்லாம் சேத்து வச்சதுல பர்சனல் விவரமும் மாட்டிக்கிச்சுன்னு அமெரிக்காவுல கேஸ் ஆகி, 2001ல சமரசம் பண்ணி, டேட்டாபேஸ்ல விவரம் இருந்தவங்களுக்கு ஆளுக்கு 40 டாலர் வரைக்கும் குடுக்க ஒப்புக்கிட்டாங்க. ஸ்பைபாட்ங்கற உளவு சாஃப்ட்வேர் தேடற ஸ்கேனரை ஓட்டினவங்களுக்கெல்லாம் அலெக்ஸான்னு ஒரு என்ட்ரி சிவப்புல வரும், டூல்பாரே போடாதவங்களுக்கும் வரும், அது ஐஇக்குள்ள ரிலேட்டட் லிங்க்ஸ்னு மைக்ரோசாஃப்ட்டே வச்ச மெனுவோட ரெஜிஸ்ட்ரி கீ. அதைப் பாத்துப் பதறாத கஸ்டமரே இல்ல.

இப்ப இருக்கற சாமானுங்களுக்கு வர்றேன். டூல்பார் மாதிரியே வேணும்னா சிமிலர்வெப் எக்ஸ்டென்ஷன் குரோம்ல ஓடும், ஒரு சைட்ல நின்னு ஐகானைத் தொட்டா மாசத்துக்கு எத்தனை விசிட்னு காட்டும். அதுவும் மதிப்பீடுதான், பெரிய சைட்டுக்குப் போக்கு தெரியும், சின்ன சைட்டுக்கு நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க, நான் பாக்கற சைட்டுங்களோட நிஜக் கணக்கோட வச்சுப் பாத்தா சிலதுல பக்கத்துல வரும், சிலதுல ரெண்டு மூணு மடங்கு தள்ளி நிக்கும், எப்ப எப்படின்னு ஒரு ஒழுங்கே கிடையாது. இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன் போடறப்ப "எல்லா வெப்சைட்டுலயும் உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும்"னு பர்மிஷன் கேக்கும் பாருங்க, அதைப் படிச்சுட்டு அக்செப்ட் பண்ணுங்க. ஸ்டைலிஷ்னு சைட்டோட கலரை மாத்தற ஒரு எக்ஸ்டென்ஷனை சிமிலர்வெப் வாங்கி, அது யூசருங்களோட ப்ரவுசிங் ஹிஸ்டரியை அனுப்பறது 2018 ஜூலையில வெளிய தெரிஞ்சு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டு ஸ்டோர்லயும் தூக்கினாங்க. வேலைக்குன்னு ஒரு தனி ப்ரொஃபைல் வச்சு அதுல மட்டும் இதைப் போட்டு, வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க.

எக்ஸ்டென்ஷன் இல்லாமயே பாக்கணும்னா, அந்த 2019 கட்டுரை எழுதின அதே ஆளுங்க ட்ராங்கோன்னு ஒரு லிஸ்ட் நடத்தறாங்க, பல லிஸ்ட்டை சேத்து 30 நாள் சராசரி எடுக்கறது, ஏமாத்தறது கொஞ்சம் கஷ்டம். க்ளவுட்ஃப்ளேர் ரேடார், டிஎன்எஸ் (சைட் பேரைக் கேட்டு அதோட சர்வர் அட்ரஸ் சொல்ற சேவை) வழியா கணக்கு எடுக்குது. நான் அதிகம் நம்பறது கூகுள் குரோமோட யூஎக்ஸ் ரிப்போர்ட்டை, நிஜ குரோம் யூசருங்க, போன்ல பாக்கறவங்களும் சேத்தி. அதுல 68 ஆயிரம்னு துல்லியமா நம்பர் வராது, முதல் ஆயிரத்துக்குள்ள, பத்தாயிரத்துக்குள்ள, ஒரு லட்சத்துக்குள்ளன்னு கட்டம் கட்டித்தான் சொல்வாங்க, அதுதான் நேர்மையும் கூட. தமிழ் சமையல் சைட்டுக்கு வர்றவங்க பெரும்பாலும் அடுப்படியில நின்னு போன்ல பாக்கறவங்க, போன் குரோம்ல எக்ஸ்டென்ஷனே கிடையாது, அதனால எக்ஸ்டென்ஷனை நம்பி எண்ணற எந்த சாமானும் இந்த மாதிரி சைட்டை குறைச்சுத்தான் காட்டும். அதுக்காக விக்கிறவர் சொல்றது சரியா இருக்கும்னு அர்த்தம் இல்ல, ஆனா வெளிய இருந்து பாக்கற நம்பர் கம்மியா இருக்கேன்னு மட்டும் வச்சு நல்ல சைட்டை விட்டுடாதீங்க.

நிஜமான பதில் விக்கிறவர் கையிலதான் இருக்கு. ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், ரைட் க்ளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போட்டா எந்த நம்பரையும் மாத்தி ஃபோட்டோ எடுத்துடலாம், என் பையனே செய்வான். சர்ச் கன்சோல்ல (கூகுள் தேடல்ல இருந்து சைட்டுக்கு எத்தனை க்ளிக் வருதுன்னு சைட்காரருக்கு கூகுள் காட்டற இடம்) உங்க ஜிமெயிலை ரெஸ்ட்ரிக்டட் யூசரா சேக்கச் சொல்லுங்க, அதுல 16 மாசம் வரைக்கும் கணக்கு தெரியும், அவரால மாத்த முடியாது. ஜிஏ4ல, அதாவது வர்ற ஆளுங்களை எண்ணற கூகுள் அனலிடிக்ஸோட இப்போதைய வெர்ஷன்ல, வியூவர் அக்சஸ் கேளுங்க. பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் கிராஃபை நீட்டினார்னா அது 2023 ஜூலை 1ல நின்னுபோன சமாச்சாரம், இன்னைக்கு நிலவரம் அதுல இல்ல. சர்ச் கன்சோல்ல கவனிக்க வேண்டியது மொத்த க்ளிக் இல்ல, எத்தனை பக்கத்துக்குப் பரவி வருதுங்கறது. அதிரசம் செய்முறை ஒரு பக்கம் மட்டும் தீபாவளிக்கு முன்னாடி ஏறி அப்புறம் தரையில படுத்துக் கிடந்தா, பன்னெண்டு மாச சராசரி உங்களை ஏமாத்தும். தேதியை ஒரு முழு வருஷத்துக்கு வச்சு, சராசரியைப் பாக்காம கிராஃப் எப்ப ஏறுது எப்ப இறங்குதுன்னு பாருங்க.

ஹோஸ்டிங்கை நிர்வாகம் பண்ற சிபேனல்ல ரா ஆக்சஸ்னு ஒரு ஐகான் இருக்கும், அங்க இருந்து ஆக்சஸ் லாகை (எந்தப் பக்கத்தை எப்ப எங்க இருந்து தொறந்தாங்கன்னு சர்வர் எழுதி வச்ச பதிவு) ஜிப்பா எடுத்துத் தரச் சொல்லுங்க. அந்த லாகை எண்ணிக் காட்டற ஏடபிள்யூஸ்டாட்ஸ் கிராஃபைக் காட்டி லட்சம் ஹிட்டுன்னு சொன்னா மயங்காதீங்க, ஒரு பக்கத்துல முப்பது படம் இருந்தா ஒருத்தர் ஒருதடவை வந்தாலே முப்பத்திச் சொச்சம் ஹிட், அதுபோக அடையாளம் தெரியாத பாட் (bot), அதாவது தானா ஓடற ப்ரோக்ராமுங்களும் ஆளுங்க கணக்குல சேந்து கிடக்கும். லாக்ல யூசர் ஏஜென்ட்ங்கற ப்ரவுசர் பேர் வரியைப் பாருங்க, ஒரே ஐபி ரேஞ்சுல இருந்து ஒரே மாதிரி ப்ரவுசர் பேரோட நிமிஷத்துக்கு இத்தனைன்னு சீரா வந்துட்டே இருந்தா அது மனுஷன் இல்ல. அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல சைட்டோட பழைய பக்கங்களைப் பாருங்க, நாலு வருஷம் முன்னாடி இது சமையல் சைட்டா இருந்துச்சா இல்ல யாரோ விட்டுட்டுப் போன டொமைனை எடுத்து புதுசா கடை போட்டிருக்காரான்னு தெரிஞ்சுடும். அலெக்ஸாவைத் தொடங்கின ப்ரூஸ்டர் கால்தான் அந்த இன்டர்நெட் ஆர்க்கைவையும் தொடங்கினவர், ஆரம்பத்துல அலெக்ஸா க்ரால் பண்ணின பக்கங்கள்தான் அங்க போய் சேந்துச்சு. டூல்பார் செத்தாலும் அந்தப் பாதி இன்னும் வேலை செய்யுது.

என்ன விலை குடுக்கலாம்னும் கடைசியில கேட்டிருந்தீங்க, லாகும் சர்ச் கன்சோலும் பாக்காம அதுக்கு நான் வாயைத் தொறக்க மாட்டேன், வேற யாராவது சொன்னாலும் கேக்காதீங்க. விக்கிறவருக்கு தெரியாமலேயே பழைய ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால எடுத்த எடுப்புல சண்டைக்குப் போக வேண்டாம், சர்ச் கன்சோல் அக்சஸ் மட்டும் கேட்டுப் பாருங்க, பத்து நிமிஷ வேலை அது. ரெண்டு நாள் இழுத்தடிச்சு, திரும்ப அலெக்ஸா நம்பரையே காட்டினார்னா அட்வான்ஸை கையிலயே வச்சுக்கோங்க. அக்சஸ் குடுத்துட்டார்னா, முதல் இருபது பக்கத்தோட க்ளிக் கணக்கை சைட் பேர் இல்லாம இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.